ஆண்டுவிழா அஞ்சல்தலைகளைச் சேகரிக்கவும் ஆராயவும்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வரலாற்று நிகழ்வின் நூற்றாண்டையோ இருநூற்றாண்டையோ முன்னிட்டு வெளியாகும் அஞ்சல்தலைக்கு இரண்டு தேதிகள் உண்டு. நிகழ்வு நடந்த நாள் ஒன்று. அஞ்சல்துறை அந்தத் தலையை விற்பனைக்குக் கொண்டுவந்த நாள் மற்றொன்று. சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் முதல் தேதியை மட்டும் குறித்துக்கொண்டு தலையை ஆல்பத்தில் பொருத்திவிடுகிறார்கள். இரண்டாம் தேதியையும் விசாரிக்கத் தொடங்கியதும், எந்த அரசு, எந்தச் சூழலில், எந்த நிகழ்வைத் தன் வரலாறாக ஏற்றுக்கொண்டது என்பதற்கு அச்சிட்ட சான்றாகவே அந்தத் தலை மாறிவிடுகிறது. அப்படி இரு தேதிகளையும் சேர்த்துப் படிக்கும் ஒரு சேகரிப்பைத் தொடக்கத்திலிருந்து உருவாக்குவது எப்படி என்பதை இந்திய அஞ்சல்தலைகளை முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: எது ஆண்டுவிழாத் தலை என்று தெளிவு பெறுதல்

அன்றாடக் கடிதப் போக்குவரத்துக்காகத் திரும்பத் திரும்ப அச்சிடப்படும் பொதுப் பயன்பாட்டுத் தலைகள் வேறு; ஒரு முறை மட்டும் குறிப்பிட்ட அளவில் அச்சிடப்படும் நினைவுத் தலைகள் வேறு. நினைவுத் தலைகள் எல்லாமே ஆண்டுவிழாத் தலைகள் ஆகிவிடுவதில்லை. இந்தியாவின் முதல் நினைவுத் தலைகள் 1931-இல் புது டெல்லி தலைநகராகத் தொடங்கிவைக்கப்பட்டபோது வெளியானவை. அவை ஒரு தொடக்க விழாவைக் குறித்தவையே தவிர, கடந்துபோன ஒன்றை நினைவுகூர்ந்தவை அல்ல. 1935-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அரியணையேறி ஆண்ட 25 ஆண்டுகளைக் கொண்டாடி வந்த வெள்ளிவிழாத் தொகுதியைத்தான் இந்தியாவின் ஆண்டுவிழாத் தலைகளுக்குத் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். ஏழு தலைகள் கொண்ட அந்தத் தொகுதியில் 1 அணாத் தலையில் இராமேசுவரம் கோயில் இடம்பெற்றிருப்பதால் தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர் அதிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

உலக அளவில் இந்த வழக்கம் இன்னும் முந்தையது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றம் 1788-இல் நிறுவப்பட்டதன் நூற்றாண்டை ஒட்டி 1888-இல் வெளியான தலைகளில் "நூறு ஆண்டுகள்" என்ற பொருள்படும் சொற்களே பொறிக்கப்பட்டிருந்தன. குடியேற்றம் நிறுவப்பட்ட அந்த நாளை ஆஸ்திரேலியப் பழங்குடியினர் 1938-இல், 150-ஆம் ஆண்டு நிறைவின்போது, துக்க நாளாக அறிவித்து அனுசரித்தார்கள் என்பதையும் அந்தத் தலையின் பக்கத்தில் எழுதிவைப்பது நேர்மையான சேகரிப்பாளரின் கடமை. அமெரிக்காவில் கொலம்பஸ் பயணத்தின் 400-ஆம் ஆண்டு 1892-இல் வந்தபோதும், அதற்கான 16 தலைகள் 1893-இல்தான் வெளிவந்தன; சிகாகோ உலகக் கண்காட்சி அந்த ஆண்டில் நடந்ததே காரணம். இரு தேதிகளுக்கும் இடையிலான விலகல் இந்த வகைத் தலைகளோடு தொடக்கத்திலிருந்தே கூடவந்திருக்கிறது.

இரண்டாம் படி: எல்லை வகுத்தல்

எல்லா நாடுகளின் எல்லா ஆண்டுவிழாக்களையும் சேர்ப்பது இயலாத காரியம். அப்படித் தொடங்கியவர்களின் ஆல்பங்கள் பொதுவாகப் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. ஒரு நிகழ்வையோ, ஒரு வட்டாரத்தையோ, ஒரு குறிப்பிட்ட காலத்தையோ தேர்ந்துகொள்ளுங்கள். "1947 முதல் 1972 வரை இந்தியா வெளியிட்ட நூற்றாண்டுத் தலைகள்" என்பது கையடக்கமான எல்லை. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் எளிதாகவும் குறைந்த விலையிலும் கிடைக்கின்றன. "விடுதலைப் போராட்ட ஆண்டுவிழாக்கள்" என்பது அதைவிடச் சற்று அகன்றது, ஆனால் கேள்விகள் மிகுந்தது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன்.

மூன்றாம் படி: இரு தேதிகளையும் பதிவுசெய்து சரிபார்த்தல்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான் என்பதால் இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு தலைக்கும் நிகழ்வு நடந்த நாள், தலை வெளியான நாள், எத்தனையாவது ஆண்டு, தலையின் மதிப்பு ஆகியவற்றை எழுதி, இறுதியில் "வெளியீட்டு நாள் ஏன் இது?" என்ற கேள்விக்கு இடம் விட்டுவையுங்கள். பல தலைகளுக்கு அந்த இடம் எளிதாக நிரம்பிவிடும். பம்பாயின் போரி பந்தரிலிருந்து தானேவுக்கு முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது 1853 ஏப்ரல் 16. இந்திய ரயில்வே நூற்றாண்டின் 2 அணாத் தலை வந்தது 1953 ஏப்ரல் 16. வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தது 1872 செப்டம்பர் 5. அவருக்கான நூற்றாண்டுத் தலை 1972 செப்டம்பர் 5. வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. அவருக்கான தலை சரியாக 200 ஆண்டுகள் கழித்து அதே நாளில் வெளியானது. இத்தகைய தலைகளில் அதிகம் விசாரிக்க ஒன்றுமில்லை.

விலகல் உள்ள இடங்களில்தான் நின்று பார்க்க வேண்டும். 1857 எழுச்சி மீரட்டில் மே 10 அன்று தொடங்கியது. ஆனால் அதன் நூற்றாண்டுத் தலைகள் இரண்டும் 1957 ஆகஸ்டு 15 அன்று, அதாவது விடுதலையின் பத்தாம் ஆண்டு நிறைவு நாளில் வெளியிடப்பட்டன. 15 நயா பைசாத் தலையில் ஜான்சி ராணி குதிரைமீது வருகிறார். மற்றொன்று 90 நயா பைசா. சிப்பாய்க் கலகம் என்று ஆங்கிலேயர் எழுதிவந்த ஒன்றை விடுதலைப் போரின் தொடக்கமாக நாட்டுக்கு அறிவிக்க அந்த நாள் மிகவும் பொருந்தியது. நூறு ஆண்டுக்கு முந்தைய தொடக்கத்தையும் பத்தாண்டுக்கு முந்தைய முடிவையும் ஒரே நாளில் கட்டிவைத்துவிட்டது அந்த வெளியீடு. இதே உத்தியைப் பாகிஸ்தானும் கையாண்டிருக்கிறது. கராச்சியிலிருந்து 1852 ஜூலை 1 அன்று வெளியான சிந்து டாக் தலைகளின் நூற்றாண்டைப் பாகிஸ்தான் 1952 ஆகஸ்டு 14 அன்று, தன் சுதந்திர நாளில், கொண்டாடியது. சிந்து தன் எல்லைக்குள் இருந்ததால் ஆசியாவின் முதல் அஞ்சல்தலையைத் தன் மரபாக அது உரிமை கொண்டாட முடிந்தது. இந்தியாவோ, 1854 அக்டோபர் 1 அன்று நாடு முழுமைக்குமாகத் தலைகள் அறிமுகமானதைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, 1954 அக்டோபர் 1 அன்று நான்கு தலைகளை வெளியிட்டது. பிரிவினைக்கு முந்தைய ஒரே அஞ்சல் வரலாற்றுக்கு இரண்டு நூற்றாண்டு விழாக்கள்! இவ்விரு தொகுதிகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துப் பாருங்கள். இரு நாடுகளும் ஒரே பாரம்பரியத்தை எப்படிப் பங்கிட்டுக்கொண்டன என்பது விளங்கும்.

சில விலகல்களுக்கு நிர்வாக வசதியே காரணம். கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் 1857-இல் முறையே ஜனவரி 24, ஜூலை 18, செப்டம்பர் 5 ஆகிய நாள்களில் நிறுவப்பட்டவை. மூன்றுக்குமான 10 நயா பைசாத் தலைகள் 1957 டிசம்பர் 31 அன்று, நூற்றாண்டு ஆண்டின் கடைசி நாளில், ஒன்றாக வெளிவந்தன.

நாள்காட்டி வேறுபாட்டால் வரும் விலகலையும் அறிந்திருக்க வேண்டும். விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அவருடைய நூற்றாண்டுத் தலை வெளியானது 1963 ஜனவரி 17. அவர் பிறந்த தேய்பிறைச் சப்தமித் திதி அந்த ஆண்டில் அப்போதுதான் வந்தது. பாரதியார் தலை வெளியான 1960 செப்டம்பர் 11 அவருடைய நினைவு நாளாக நெடுங்காலம் அனுசரிக்கப்பட்டு வந்த நாள்; அவர் உயிர் பிரிந்ததோ அன்று நள்ளிரவு கடந்த பிறகு, அதாவது 1921 செப்டம்பர் 12-இன் முதல் மணிகளில். தலையை வைத்து நாளைத் தீர்மானிக்கவோ, நாளை வைத்துத் தலையைக் குறை சொல்லவோ கூடாது. இரண்டையும் பதிவுசெய்து காரணத்தை எழுதுவதே முறை.

நூற்றாண்டு என்பது நிறைவா, தொடக்கமா என்ற கேள்வி அடுத்தது. பெரியார் பிறந்தது 1879 செப்டம்பர் 17. அவருக்கான 25 பைசாத் தலை 1978 செப்டம்பர் 17 அன்று வெளியானது. அன்று 99 ஆண்டுகள் நிறைந்து நூறாவது ஆண்டு தொடங்கியது. ஆகவே 'நூற்றாண்டு' என்ற சொல்லைக் கண்டதும் கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு என்றே விடை வந்தாக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள்.

பிறந்தநாள் நூற்றாண்டு என்றால் உரியவர் மறைந்திருப்பார் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மகளிர் கல்விக்காக உழைத்த தோண்டோ கேசவ கார்வே தம் நூறாவது பிறந்தநாளான 1958 ஏப்ரல் 18 அன்று தம் உருவம் பொறித்த தலையை உயிரோடு இருந்து கண்டார். பொறியியலாளர் விசுவேசுவரய்யாவுக்கும் 1960 செப்டம்பர் 15 அன்று, வாழ்நாளிலேயே அந்தச் சிறப்பு கிடைத்தது. இருவரும் மறைந்தது 1962-இல். மாறாக, மறைந்து ஓராண்டு நிறைந்ததுமே நினைவுத் தலை பெற்றவர்களும் உண்டு: அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3, அவருடைய தலை 1970 பிப்ரவரி 3 அன்று முதலாம் ஆண்டு நினைவாக வந்துவிட்டது. ஓராண்டில் வந்த தலையையும் இருநூறு ஆண்டு காத்திருந்து வந்த தலையையும் ஒரே அளவுகோலில் வைக்கக் கூடாது. முன்னது உடன்வாழ்ந்தவர்களின் நேரடித் துயரத்திலிருந்து பிறந்தது; பின்னது வரலாற்று மறுமதிப்பீட்டிலிருந்து பிறந்தது.

அத்தகைய மறுமதிப்பீட்டுக்கு வேலூர் நல்ல சான்று. 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக்குறியும் தாடியும் கூடாது என்ற உத்தரவும், புதிய தலைப்பாகையும், கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளும் அந்த எழுச்சியின் பின்னணி. ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி படையுடன் வந்து அதே நாளில் அதை இரத்தத்தில் ஒடுக்கினான். மீரட்டுக்கு அரை நூற்றாண்டு முந்தைய இந்த எழுச்சிக்கான தலை 2006 ஜூலை 10 அன்றுதான், இருநூற்றாண்டில் வெளியானது. 1957 தலைகளையும் இதையும் அடுத்தடுத்து வைத்தால், தெற்கின் எழுச்சிகள் தேசிய நினைவுக்குள் எவ்வளவு தாமதமாக நுழைந்தன என்பது எந்த விளக்கமும் இல்லாமலே தெரியும். இந்தத் தாமதம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

நான்காம் படி: படத்தையும் எழுத்தையும் ஆராய்தல்

படம் நிகழ்வு நடந்த காலத்தில் வரையப்பட்டதா, பிற்கால ஓவியத்திலிருந்து எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். 1893 கொலம்பஸ் தொகுதியில் 1 சென்ட் தலையில் நிலத்தைக் காணும் கொலம்பஸுக்குத் தாடியில்லை. 2 சென்ட் தலையில் கரையிறங்கும் அவருக்குத் தாடி இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு ஓவியர்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படைப்புகளைத் தழுவியவை. செயின்ட் கிட்ஸ்–நெவிஸ் தீவுகள் 1903-இல் வெளியிட்ட தலையில் கொலம்பஸ் தொலைநோக்கி வழியாகப் பார்க்கிறார்; அவர் காலத்தில் அந்தக் கருவியே இல்லை. இசையமைப்பாளர் ஷூமான் மறைந்த நூற்றாண்டுக்காகக் கிழக்கு ஜெர்மனி 1956-இல் அச்சிட்ட தலைகளில் அவருக்குப் பின்னால் இருந்த இசைக்குறிப்பு ஷூபெர்ட்டுடையது. தவறு தெரிந்ததும் அதே ஆண்டில் சரியான குறிப்புடன் மீண்டும் வெளியிட்டார்கள். இவ்விரு பதிப்புகளையும் சேர்த்து வைத்திருப்பது ஒரு பக்கத்துக்குப் போதுமான பொருள்.

எழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள். விடுதலையின் முதலாம் ஆண்டு நிறைவான 1948 ஆகஸ்டு 15 அன்று வெளியான காந்தி தலைகள் நான்கிலும் 'பாபு' என்ற சொல் தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. பிரிவினையின் கலவரங்கள் ஓயாத நேரத்தில், அவற்றை நிறுத்தப் பாடுபட்டவரின் தலையில் இரு எழுத்துகளும் அருகருகே நின்றதைச் சேகரிப்புப் பக்கத்தில் தவறாமல் குறிப்பிட வேண்டும்.

ஐந்தாம் படி: தாளையும் அச்சையும் சோதித்தல்

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, தட்டையான நுனியுள்ள இடுக்கி, துளை அளவுகோல் ஆகிய மூன்றும் போதும். துளை அளவு என்பது தலையின் விளிம்பில் 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் உள்ளன என்ற கணக்கு. 1948 காந்தி தலைகளை அச்சிட்டது நாசிக் அச்சகம் அல்ல, சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே நிறுவனம். அவற்றின் துளை அளவு 11½, தாளில் நீர்க்குறி (வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் குறி) இல்லை. அவற்றுள் 10 ரூபாய்த் தலைக்குப் போலிகள் உலவுவதால், இந்த இரண்டையும் சோதிக்காமல் அதை வாங்கவே கூடாது. நாசிக்கில் அச்சான பழைய தலைகளின் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நட்சத்திர நீர்க்குறியும், 1950-களின் பிற்பகுதியிலிருந்து அசோகத் தூணின் சிங்க முகப்பு நீர்க்குறியும் தெரியும்.

தலையின் மதிப்பே காலத்தைக் காட்டிவிடும். 1957 ஏப்ரல் 1-க்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. அதன் பிறகு ரூபாய்க்கு 100 நயா பைசா. 1964-இல் 'நயா' என்ற அடைமொழி நீங்கியது. 1957 நூற்றாண்டுத் தலைகள் நயா பைசாவில் இருப்பதும், அதற்கு மூன்று ஆண்டு முந்தைய அஞ்சல்தலை நூற்றாண்டுத் தொகுதி அணாவில் இருப்பதும் இதனால்தான்.

ஆறாம் படி: தலைகளைப் பெறுதல்

புதிய வெளியீடுகளுக்கு அருகிலுள்ள அஞ்சல்தலைச் சேகரிப்பு மையத்தை நாடுங்கள். சென்னையில் அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் இது இயங்குகிறது. வைப்புக் கணக்கு தொடங்கி முன்பணம் செலுத்திவிட்டால், நீங்கள் கேட்டுக்கொண்ட வகைகளை அவர்களே அனுப்பிவைப்பார்கள். தலையோடு முதல் நாள் உறையையும் தகவல் தாளையும் சேர்த்து வாங்குங்கள். எந்தக் காரணத்துக்காக வெளியிடப்பட்டது என்று துறையே சொல்லும் ஆவணம் அந்தத் தகவல் தாள்தான். பல ஆண்டுகள் கழித்து அதைத் தேடுவது தலையைத் தேடுவதைவிடக் கடினம்.

பழைய தலைகளைப் பட்டியல் நூலின் துணையோடு தேடுங்கள். ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியலில் வெளியீட்டு நாள், துளை அளவு, நீர்க்குறி எல்லாம் இருக்கும். அதில் உள்ள விலை சந்தை விலையாகாது. ஒரே தலை பயன்படுத்தப்படாத நிலையிலும், முத்திரையிட்ட நிலையிலும், உறையின் மீதும் கிடைக்கும். ஆண்டுவிழாச் சேகரிப்புக்கு உறையின் மீதுள்ளதே சிறந்தது என்பது என் கருத்து, ஏனெனில் அந்தத் தலை உண்மையில் எங்கிருந்து எங்கே, எந்த நாளில் பயணம் செய்தது என்பதை முத்திரை சொல்லும்.

மூன்று பொருள்களை ஆண்டுவிழாத் தலைகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பள்ளிகளும் நிறுவனங்களும் தம் பொன்விழாவுக்கு வெளியிடச் செய்யும் சிறப்பு உறைகளில் படமும் முத்திரையும்தான் புதியவை. ஒட்டப்பட்ட தலை வேறொன்று. கட்டணம் செலுத்திப் பெறும் 'மை ஸ்டாம்ப்' தாள்கள் தனிநபர் விருப்பத்துக்கானவை. மூன்றாவது, எந்த நாட்டு அஞ்சல்துறையும் வெளியிடாமல், இல்லாத நாடுகளின் பெயரிலோ உள்ள நாடுகளின் பெயரிலோ வியாபாரிகள் அச்சிட்டு விற்கும் தாள்கள். 2002 முதல் உலக அஞ்சல் ஒன்றியம் நடத்திவரும் எண்ணிடும் முறையில் பங்கேற்கும் நாடுகளின் வெளியீடுகளை அதன் வழியே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: பாதுகாத்தல்

கடலோர ஊர்களில் ஈரப்பதமே முதல் எதிரி. கோந்துப் பக்கம் பழுப்புப் புள்ளி விழுந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அரிது. ஆல்பங்களை அடுக்கி வைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பக்கங்களைப் புரட்டிக் காற்றுப்படச் செய்யுங்கள். பிவிசி உறைகள், செல்லோ டேப், லேமினேஷன் மூன்றையும் அறவே தவிர்க்க வேண்டும். உறையிலிருந்து தலையை நீக்க வேண்டியிருந்தால் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, தானாகப் பிரியும்வரை காத்திருங்கள். ஆண்டுவிழா நாளின் முத்திரை விழுந்த உறையை மட்டும் ஒருபோதும் நனைக்காதீர்கள்.

எட்டாம் படி: பக்கங்களை எழுதுதல்

ஒரு பக்கத்தில் தலைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடமும் எழுத்துக்கு ஒரு பங்கும் போதும். மேலே நிகழ்வும் அதன் நாளும், கீழே வெளியீட்டு நாளும் விலகலுக்கான காரணமும் வரட்டும். ஒரே நிகழ்வு பல ஆண்டுவிழாக்களில் திரும்பி வந்திருந்தால் அவற்றை ஒரே பக்கத்தில் வையுங்கள்: தண்டி யாத்திரைக்கு 1980-இல் 50-ஆம் ஆண்டுத் தலைகளும், 2005-இல் 75-ஆம் ஆண்டுத் தலைகளும் உண்டு. வெளிநாடுகள் பங்கேற்ற நூற்றாண்டுகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கலாம். 1961-இல் தாகூருக்குச் சோவியத் ஒன்றியமும் அர்ஜென்டினாவும் பிரேசிலும் தலை வெளியிட்டன. 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு, அவரைச் சிறையிலிட்ட பிரிட்டனே தலை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் பீமன் முல்லிக் என்ற இந்தியர்.

கண்காட்சியில் வைக்க விரும்பினால், ஒரு சட்டகத்துக்கு 16 பக்கங்கள் என்ற பொது அளவைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் எல்லையையும், எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்பதையும் எழுதி, மீதிப் பதினைந்தையும் வெளியீட்டு நாள் வரிசையில் அடுக்கலாம். நிகழ்வு நடந்த வரிசையிலும் அடுக்கலாம். நான் முதல் முறையையே பரிந்துரைப்பேன். நிகழ்வு வரிசையில் வைத்தால் 1799, 1806, 1857 என்று வழக்கமான வரலாற்றுப் பாடம் கிடைக்கும். வெளியீட்டு வரிசையில் வைத்தால் ஜான்சி 1957-இலும், கட்டபொம்மன் 1999-இலும், வேலூர் 2006-இலும் வந்து நிற்பார்கள். புதிய தலை வெளியாகும்போது கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் சேர்த்தால் போதும், பழைய பக்கங்களைக் கலைக்க வேண்டியிராது.